பாசிக்குடா ‘மர்ம ஹோட்டல்’ இரவுச் சுற்று: காசு கட்ட முன்னம் இதைப் படியுங்க

பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் ஒரு விளம்பரம் ஓடுது. பாசிக்குடாவில் கைவிடப்பட்ட ஹோட்டலுக்குள் இரவுச் சுற்று, ஆளுக்கு 6,500 ரூபாய், வான், சாப்பாடு, தலைக்கவசம், உரிமையாளரின் அனுமதி எல்லாம் அதுக்குள்ளேயே அடக்கம் என்று. கல்லடியிலிருந்து எட்டுப் பேர் 52,000 ரூபாய் கட்டிப் போய், பாதியில் வெளியே அனுப்பப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களின் வட்ஸ்அப் உரையாடல், வங்கிச் சீட்டு, எடுத்த வீடியோ மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். நடத்தினவரின் பெயர் இங்கே இல்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு பெயரில் இன்னொன்று திறக்க அரை மணித்தியாலம் போதும், ஆகவே ஆளைவிட முறையைத் தெரிந்துவைப்பதுதான் பிரயோசனம்.

விளம்பரப் படத்திலேயே கள்ளம் நிற்குது. செங்குத்தான கூரை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், பின்னால் மலைச்சரிவில் வரிசையாக இரும்புக் கம்பங்கள், அவற்றுக்கிடையே வடத்தில் தொங்கும் இருக்கைகள். அது எங்கேயோ ஒரு குளிர்நாட்டில் மூடிப்போன பனிச்சறுக்கு விடுதி. பனி தேங்கக் கூடாதென்று போட்ட கூரை அது. பாசிக்குடா இருக்கிற இந்தக் கோறளைப்பற்றில் எந்த மேசன் அப்படிக் கூரை போட்டார்? கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும்.

கூட்டிப்போன இடம் வேறு. “சுனாமியில் அழிஞ்ச ஹோட்டல்” என்று சொல்லியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அலை அந்தக் கரையை அடித்தது உண்மைதான். ஆனால் வீடியோவில் தெரியும் மூன்று மாடிக் கட்டடத்தில், உச்சித் தூண்களிலிருந்து அடுத்த தட்டுக்காக விட்ட கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கதவு நிலையும் வைக்கவில்லை, வயறிங் குழாய்க்குள் வயரும் இல்லை. அலை அழித்ததல்ல அது, காசு முடிந்து இடையில் நின்ற வேலை.

அனுமதிக் கதைக்கு வருவோம். கடிதத்தைக் கேட்டபோது வந்த பதில்: “எல்லாம் கதைச்சாச்சு தம்பி, பயப்படாம வாங்க. கடிதம் மறுகா காட்டுறன்.” கேற்றடியில் காவலாளிக்கு இன்னும் 3,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள், அதுவும் விளம்பரத்தில் இல்லாத செலவு. ஆட்களை உள்ளே விடாமல் பார்ப்பதற்குத்தான் காவலாளிக்குச் சம்பளம், அனுமதி கொடுக்கிற உரிமை அவருக்குக் கிடையாது. பாசிக்குடா ஹோட்டல் காணிகள் பல, முதலீட்டாளர்களுக்கு அரசு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தவை. கட்டடம் பாழடைந்து கிடந்தாலும் குத்தகைக்காரர் இருக்கிறார். அவருடைய கையெழுத்தும் திகதியும் உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கையும் உள்ள கடிதம்தான் அனுமதி. யார் குத்தகைக்காரர் என்று தெரியாவிட்டால் அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். சுற்றுலா வழிகாட்டி அட்டை காட்டினாலும் அது வழிகாட்டுவதற்கான அட்டை, பிறர் காணிக்குள் நுழைய அது உதவாது. பொலிஸ் வந்தால் அத்துமீறி நுழைந்தவர்கள் நீங்கள்தான். இந்தக் குழுவில் நடத்தினவர் கடைசிவரை றோட்டோரம் வானுக்குள்தான் இருந்திருக்கிறார்.

காசு போனதைவிடப் பயமாக இருந்தது வீடியோவில் இரண்டாம் மாடிப் பல்கனியில் ஐந்து பேர் சேர்ந்து நின்று படம் எடுத்த இடம். கூடப்போன பெடியன் “இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்க” என்கிறான். பின்னுக்குக் கைபிடியும் இல்லை, பழைய இரும்புக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடற்கரையில் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பு பிடித்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கொங்கிறீற் உள்ளிருந்து வெடிக்கும். சீலிங்கில் கம்பி ஓடுகிற வழியே நேர்கோட்டில் வெடிப்பும் மண்ணிறக் கசிவும் கண்டால் அதன் அடியில் நிற்கக் கூடாது. பல்கனி இதைவிட மோசம். சுவரிலிருந்து வெளியே நீளும் சிலாப்பில் சுமையைத் தாங்கும் கம்பி மேற்பக்கத்தில், சுவரோடு சேரும் இடத்தில் இருக்கும். மழைத்தண்ணி தேங்குவதும் அதே இடத்தில்தான். கீழே நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும் சிலாப்புக்கு மேலே கம்பி அரிபட்டுப் போயிருக்கலாம். அது தொய்ந்து அறிகுறி காட்டிவிட்டு விழாது, அடியோடு கழன்று போகும். சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கோறைச் சத்தம் வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல சத்தம் வந்தாலும் பல்கனியில் கால் வைக்காதீர்கள்.

கொடுத்த தலைக்கவசம் சைக்கிள் ஹெல்மெற். ரோச் எட்டுப் பேருக்கு இரண்டு.

நிலத்திலும் கவனம். இரும்பு மூடிகளைக் களவெடுத்துவிடுவார்கள், மலக்குழி வாய் புல்லால் மூடிக்கிடக்கும். ஒருவர் விழுந்தால் தூக்கப்போகிறவரும் உள்ளே இறங்கக் கூடாது. ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு நிறைந்திருந்தால் இரண்டாவது ஆளும் மயங்கி விழுவார். கயிறு போடுங்க, 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்க. மாரி மழைக்குப் பிறகு நீச்சல் குளமும் அப்படித்தான், ஏணியைக் கழற்றியிருப்பார்கள், சுவர் முழுக்கப் பாசி, நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாது. அஸ்பெஸ்ரஸ் கூரையில் ஏறினால் சீற் உடைந்து உள்ளே விழுவீர்கள். பற்றைக்குள் புடையன், சுருட்டை இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் செருப்போடு இரவில் கூட்டிப்போகிறார்களே. கடித்தால் கட்டுப்போட்டு இறுக்கவோ கீறவோ வேண்டாம், காலை அசைக்காமல் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்க. போர்க்காலத்து இடிபாடு என்றால் துருப்பிடித்த உலோகம் எதையும் தொடாமல் 119க்குச் சொல்லுங்க.

பழைய கட்டடம் படம் எடுக்க ஆசை என்றால் பகலில், கடிதத்தோடு, கட்டடத்துக்கு வெளியே நின்று எடுக்கலாம். கட்டடத்தின் உயரத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி நின்றால் போதும். ட்ரோன் விடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் நடைமுறையை முதலில் பாருங்க.

ஏற்கெனவே கட்டியவர்கள் வட்ஸ்அப் உரையாடலை இன்றைக்கே முழுதாக ஏற்றுமதி (Export chat) செய்து வையுங்க. ‘எல்லோருக்கும் அழி’ என்பதை மற்றப் பக்கத்தார் அழுத்தினால் அனுமதி பற்றிய வாக்குறுதிதான் முதலில் காணாமல் போகும். விளம்பரத்தையும் திகதி தெரியும்படி ஸ்கிறீன்ஷொட் எடுத்து வையுங்க. சுற்றுலாச் சேவை பற்றிய முறைப்பாட்டுக்கு 1912, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977. காசு வங்கி ஊடாகப் போயிருந்தால் வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, பொலிஸில் போட்ட முறைப்பாட்டின் பிரதியையும் அதோடு இணையுங்க. எட்டுப் பேர் சேர்ந்து ஒருவரின் கணக்கிலிருந்து கட்டியிருந்தால், வங்கிக்கான முறைப்பாடு அந்தக் கணக்குக்காரர் பெயரில்தான் போக வேண்டும்.