துறைதோறும் பொருள் மாறும் சொற்களுக்கு ஒரு துணை: இணையத்தில் தமிழ்ப் பேரகராதி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கும்படி வைத்துள்ளது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, எஸ். வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் நிறைவுற்ற இந்த அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன.

பல பொருள் தரும் ஒரு சொல்லை அதனோடு சேரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றைக் கொண்டே தெளிய வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் வகுத்த நெறி. 'மா' பூத்தது என்றால் மரம். 'மா' ஓடியது என்றால் விலங்கு. அதே ஓரெழுத்துச் சொல் பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கையும், காவிரிப் படுகையின் நில அளவையில் வேலி என்னும் அலகின் இருபதில் ஒரு பகுதியையும், சமையலில் அரைத்த மாவையும் குறிக்கிறது. செய்யுள் யாப்பிலோ தேமா, புளிமா என்னும் சீர் வாய்பாடுகளின் ஈறாக நிற்கிறது. அகராதியில் தனித்து நிற்கும் சொல்லுக்கு வினையும் சார்பும் இல்லாத குறையை, பொருள்களோடு தரப்பட்டுள்ள இலக்கிய மேற்கோள்கள் நிறைவு செய்கின்றன. இந்தச் சேவையை நான் பெரிதும் மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

எழுத்தளவில் ஒன்றாகவும் பிறப்பால் வேறாகவும் உள்ள சொற்களை எண்ணிட்டுத் தனித்தனியே பிரித்திருப்பதும் பாராட்டத்தக்கது. பாலை நில வழியாகிய சுரம், காய்ச்சலாகிய சுரம், இசைக்குரிய சுரம் ஆகியவற்றுள் பின்னிரண்டும் வெவ்வேறு வடசொற்களிலிருந்து வந்தவை என்பது தெரிந்தால், மூன்றுக்கும் இல்லாத உறவைக் கற்பித்துக்கொண்டு மாணவர் இடர்ப்பட மாட்டார்.

ஒரு பொருள் எந்தத் துறைக்குரியது என்று காட்டும் குறிப்புகள் ஆங்கிலச் சுருக்கங்களாக இருப்பதால், தமிழ் மட்டும் அறிந்தவர் தொடக்கத்தில் தடுமாறக்கூடும். பொருள் விளக்கம் தமிழிலும் உள்ளது என்பது ஆறுதல். பிற்சேர்க்கையும் 1939இல் முடிந்துவிட்டதால், 'சுட்டி' என்று தேடினால் நெற்றிச்சுட்டி இதில் கிடைக்கும், கணினிச்சுட்டி கிடைக்காது. இன்றைய வழக்குக்கு 2020இல் மூன்றாம் பதிப்புக் கண்ட கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை உடன்வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய உரைகளையோ கல்வெட்டுகளையோ நில ஆவணங்களையோ படிப்பவர்கள் முதலில் இந்தத் தளத்தையே திறக்க வேண்டும் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.