"புதுசு" என்று வந்த பிக் பிளாக்: வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

540 கன அங்குல பிக் பிளாக் (செவர்லேயின் பெரிய V8) இன்ஜின் கட்டுவதற்காக ஆஃப்டர்மார்க்கெட் பிளாக் (கார் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பாளர் வார்க்கும், சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல்) தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். "பெட்டி பிரிக்காத புதுசு" என்று சொல்லி எனக்கு விற்றது, ஓடித் தேய்ந்து, சிலிண்டர் துளைகளை மறுபடி கடைந்து பெரிதாக்கி, பெயின்ட் அடித்த பிளாக்.

செவர்லேயின் 454 கன அங்குல பிக் பிளாக்கின் ஒரிஜினல் போர் (bore), அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 4.250 அங்குலம். அதில் பெரும்பாலும் 0.060 அங்குலம் வரைதான் தைரியமாகக் கடையலாம். அதற்கு மேல் போனால் சுவர் மெலிந்துவிடும். பழைய பிளாக் நல்ல நிலையில் கிடைப்பதும் குறைந்துவிட்டது, கிடைத்தாலும் துருவோ விரிசலோ இருக்கும். அதனால்தான் சுவரைக் கனமாக வார்த்த ஆஃப்டர்மார்க்கெட் பிளாக்குக்கு இவ்வளவு கிராக்கி. 4.500 போர், 4.250 ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) வைத்தால் 540 கன அங்குலம் வந்துவிடும். தயாரிப்பாளரிடம் ஆர்டர் போட்டால் காத்திருக்க வேண்டும். "ஸ்டாக் கையில் இருக்கு, இன்றைக்கே அனுப்பிவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் மனசு அங்கேதான் போகும். அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

பிளாக் வந்தபோது பார்க்கப் பளபளவென்று இருந்தது. மெஷின் ஷாப்காரர் ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே தேநீர்க் கறை மாதிரி பழுப்பாக ஆயில் படிந்திருந்தது. "சார், இது ஓடின பிளாக்" என்றார். சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து, மேலே கனமாகப் பெயின்ட் பூசியிருந்தார்கள். விரலால் தடவினாலே பள்ளம் தெரிந்தது.

அப்புறம் அளந்தோம். கேட்டது 4.500 போர், இருந்தது 4.610. நான் வாங்கி வைத்திருந்த பிஸ்டன்களை உள்ளே விட்டால் கடகடவென்று ஆடும். டெக் உயரம் (கிராங்க் ஷாஃப்ட் நடுக்கோட்டிலிருந்து பிளாக்கின் மேல்பரப்பு வரை) 9.800 என்று எழுதியிருந்தார்கள், வந்தது 9.765. பல தடவை மேல்பரப்பைச் சீவியிருக்கிறார்கள். இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, வேறு பிஸ்டன் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் சோனிக் டெஸ்டர் (ஒலி அலையால் சுவரின் கனத்தை அளக்கும் கருவி) வைத்தபோது ஒரு சிலிண்டரில், பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில், சுவர் 0.140 அங்குலம்தான் இருந்தது. பெரிய பவருக்குக் கட்டும்போது அந்தப் பக்கம் 0.200-ஆவது இருக்க வேண்டும் என்பார்கள். மற்ற சிலிண்டர்கள் ஓரளவு தேறும். எட்டுக்கும் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் புது உறை) போட்டால் சரியாகும்தான், ஆனால் அந்தச் செலவுக்கு நான் எதற்குப் புதுசு விலை கொடுக்க வேண்டும்?

விற்றவரிடம் கேட்டேன். முதலில் "அளக்கும் கருவியில் தப்பிருக்கும்" என்றார். மெஷின் ஷாப் கொடுத்த அளவு அறிக்கையை அனுப்பியதும் பேச்சு மாறியது: மெஷின் ஷாப்பில் கை வைத்துவிட்டால் ரிட்டர்ன் கிடையாதாம். அளக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் பதில் இல்லை. வார்ப்பிரும்புப் பிளாக் 120 கிலோவைத் தாண்டும், திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில்தான் என்றார்.

வாங்குகிறவர்கள் டெலிவரிக்கு முன்னாலேயே எட்டு சிலிண்டரின் போர் அளவையும், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் எடுத்த சோனிக் அளவையும் எழுத்தில் கேளுங்கள். சீரியல் எண்ணைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து எந்த போரில் வெளியே போனது என்று விசாரியுங்கள். "வந்தபின் அளந்து பார்ப்பேன், பொருந்தாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்" என்பதையும் இன்வாய்ஸிலேயே எழுதி வாங்குங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் பிளாக் எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டாலும் வாங்காதீர்கள்.

பணத்தை முழுதும் கார்டிலேயே கட்டுங்கள். நான் அட்வான்ஸைக் கார்டிலும், "தள்ளுபடி தருகிறேன்" என்று அவர் சொன்னதால் மீதியை வங்கிப் பரிமாற்றத்திலும் கட்டினேன். கார்டு நிறுவனம் அட்வான்ஸுக்கு மட்டும் புகாரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மீதிக்கு அறிக்கையோடு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.