காயிலை மாற்றாமலே மாற்றியதாக பில்: 7,280 ரூபாய் போச்சு

பழைய பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பில் புக் செய்தால் மெக்கானிக்கை வீட்டுக்கே அனுப்பும் சேவை ஒன்று. பெயர் வேண்டாம். என் வண்டி 2009 மாடல், 150 சிசி. செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் முனகியது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கியது. பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் கூப்பிட்டேன்.

வந்த பையன் யூனிஃபார்ம், டூல் பாக்ஸ் எல்லாமாகப் பளிச்சென்று இருந்தான். முதலில் சார், ஐந்து நிமிடத்தில் அண்ணா. வண்டியை ஐட்லிங்கில் ஓடவிட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து என்னிடமே காட்டினான். 12.1 வோல்ட். "பாருங்கண்ணா, 14 வரணும். மேக்னட் காயில் அவுட். அது போனதால ஆர்ஆர் யூனிட்டும் போயிருக்கும், பேட்டரியும் போயிருக்கும்." மேக்னட் காயில் என்பது இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருவது. ஆர்ஆர் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) அந்த ஏசி கரண்டை டிசியாக்கி, அளவாகப் பேட்டரிக்கு அனுப்புவது. மீட்டரில் எண்ணைக் காட்டிப் பேசுபவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? சரி என்றேன். வண்டியை எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவந்து விட்டார்கள். பேட்டரி 2,250, காயில் 2,600, ஆர்ஆர் 1,480, லேபர் 950. மொத்தம் 7,280 ரூபாய். பழைய பேட்டரிக்குக் கழிவு கிடையாது. பழைய சாமான்களைக் கேட்டால், "எக்ஸ்சேஞ்சில் போயிடுச்சு சார்." அண்ணா மறுபடி சார் ஆகிவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஓடவில்லை. அதே முனகல். புது பேட்டரியில் இருந்த சார்ஜ் தீரும்வரை ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன் செய்தேன். "ஹெட்லைட்டை ஆஃப் பண்ணி ஓட்டிப் பாருங்க சார்." அடுத்த முறை, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." அதற்கும் அடுத்து ஒரு பெண் குரல், "எலக்ட்ரிக்கல் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாதுங்க." மாற்றாத பார்ட்டுக்கு என்ன வாரண்டி? மாற்றவே இல்லை என்பது அப்போது எனக்கே தெரியாது. சாட்டில் புகார் போட்டால், உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வருகிறது. கூடவே ஐந்து ஸ்டார் கேட்கிறது, வெட்கமில்லாமல்.

கடைசியில் எங்கள் தெரு முனை ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைப் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் முதலில் பேட்டரியைச் சார்ஜ் போட்டார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்கி 5,000 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கும் வண்டியில் அப்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டுமாம். 12.3-ஐத் தாண்டவில்லை. ஐட்லிங்கில் அளந்து காயில் அவுட் என்று சொல்லவே முடியாதாம். "அந்த 12.1 பேட்டரி பாதி இறங்கியிருக்குன்னுதான் சொல்லுது, காயிலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை தம்பி." காயிலிலிருந்து வரும் வயர்களைச் சேர்க்கும் பிளக்கை, அதாவது கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, மூன்று வயரையும் இரண்டிரண்டாக வைத்தார். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு, முறுக்க முறுக்க ஏறுகிறது. ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்தார். இருக்கக் கூடாதாம், இல்லை. காயில் அருமையாக இருக்கிறது என்றார்.

புதுசு ஆயிற்றே, இருக்காதா என்றேன். இடதுபக்க மேக்னட் கவரைக் காட்டினார். போல்ட் தலைகளில் பல வருஷத்து எண்ணெய் அழுக்கு, மண் அப்படியே. அந்தக் கவரைக் கழற்றாமல் காயிலைத் தொடவே முடியாது. 2,600 ரூபாய்!

உண்மையான கோளாறு, காயில் வயர் ஆர்ஆரில் சேரும் கப்ளர். உருகிக் கறுத்து, ஒரு பின் ஆடிக்கொண்டிருந்தது. ஆர்ஆரை மாற்றியவன் அந்தக் கப்ளரைக் கையில் பிடித்துத்தான் மாட்டியிருக்க வேண்டும். பார்த்திருக்கிறான், மூடிவிட்டுப் போயிருக்கிறான். புது கப்ளர் போட்டதும் 14.2 காட்டியது. கூலியோடு 350 ரூபாய்.

எப்படிச் சோதிப்பது என்று வரிசையாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ஐட்லிங்கில் மீட்டர் காட்டினால் நம்பாதீர்கள், முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முறுக்கும்போது 15-ஐத் தாண்டினால் ஆர்ஆரில்தான் சந்தேகம். காசு செலவழிக்கும் முன் கப்ளர்களையும் எர்த் வயரையும் பாருங்கள். வண்டியைக் கொடுக்கும் முன் கவர் போல்ட்டுகளைப் போட்டோ எடுங்கள். பழைய சாமான் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆப் வழி சேவை என்றால் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. எனக்கு அந்த அலுவலர் யார் என்றே சொல்லவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். பில்லும் போல்ட் போட்டோவும் கையில் இருக்கின்றன. 7,280-இல் அந்தக் காயில் பணமாவது திரும்பி வரும்வரை விடுவதாக இல்லை.