கெட்டரோடு ஆறு வருஷம்

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கிளாஸுக்குள் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) கெட்டர் எழுத ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. கெட்டர் என்றால் பார்க்க ஃபீல்டு மாதிரி, உள்ளே ஓடுவது ஃபங்ஷன். பில்லிங் சாஃப்ட்வேர்தான் பிழைப்பு. 'பில்' என்று ஒரு கிளாஸ், அதற்குள் ஐட்டங்கள், அவற்றைக் கூட்டிச் சொல்ல 'டோட்டல்' என்று ஒரு கெட்டர். மெத்தடுக்கு, அதாவது கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனுக்கு, முன்னால் 'கெட்' போட்டால் போதும்; அப்புறம் அடைப்புக்குறியே இல்லாமல் பில் டாட் டோட்டல் என்று எழுதலாம். முன்பு மொத்தத்தைத் தனி ஃபீல்டில் வைத்திருந்தேன். ஐட்டத்தை மாற்றிவிட்டு அதை மாற்ற மறந்து வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அந்தத் தொல்லை அன்றோடு ஒழிந்தது.

அடி விழுந்தது வேறு இடத்தில். பில்லை ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை செய்து, அதாவது வெறும் எழுத்து வடிவ டேட்டாவாக மாற்றி, சர்வருக்கு அனுப்பினேன். ஐட்டங்கள் போயின, வாடிக்கையாளர் பெயர் போனது, டோட்டலை மட்டும் காணோம். எரரும் இல்லை. கன்சோலில் அடித்துப் பார்த்தால் 1,180 என்று கண்ணெதிரே நிற்கிறது! அரை நாள் சர்வர் பக்கமே குடைந்துகொண்டிருந்தேன். கிளாஸில் எழுதும் கெட்டர் ஆப்ஜெக்டில் உட்காருவதில்லை, அந்த கிளாஸின் ஆப்ஜெக்டுகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் புரோட்டோடைப்பில் போய் உட்காருகிறது. ஸ்ட்ரிங்கிஃபையோ ஆப்ஜெக்டுக்குச் சொந்தமானதை மட்டும்தான் எடுக்கும். மூன்று புள்ளி வைத்து ஸ்பிரெட் செய்து வேறு ஆப்ஜெக்டில் நகலெடுத்தாலும் இதே கதை. ஸ்ட்ரிங்கிஃபை தானாகவே தேடிக் கூப்பிடும் 'டூஜேசன்' என்று ஒரு மெத்தட் எழுதி அதில் டோட்டலையும் சேர்த்தபின் சரியானது. கிளாஸ் இல்லாமல் நேரடியாகச் சுருள் அடைப்புக்குள் எழுதும் ஆப்ஜெக்ட் என்றால் கெட்டரின் மதிப்பும் ஜேசனில் வந்துவிடும். எங்கள் பழைய கோடு அப்படித்தான் இருந்தது, 2009இல் வந்த இஎஸ்5 என்ற ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பின் பாணியில். கிளாஸுக்கு மாற்றிய புண்ணியவான் நான்தான்.

இரண்டாவது அடி வேகத்தில். ஒவ்வொரு ஐட்டமும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று காட்ட ஒரு லூப். உள்ளே டோட்டலால் வகுத்தேன். படிக்க ஃபீல்டு மாதிரிதானே இருக்கிறது! ஆனால் தொடும்போதெல்லாம் அது முதலிலிருந்து கூட்டுகிறது. 2,000 ஐட்டம் உள்ள பில்லில் 40 லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் வரி விகிதத்தைத் தேடிக்கொண்டு. ஸ்கிரீன் உறைந்துபோனது. லூப்புக்கு வெளியே ஒரே தடவை கூட்டி ஒரு கான்ஸ்டில் (மாறாத மதிப்பு வைக்கும் பெயர்) எடுத்து வைத்தேன், தீர்ந்தது. அடைப்புக்குறி இருந்திருந்தால் கை தானாகவே யோசித்திருக்கும். அதனால் இப்போதெல்லாம் கனமான கணக்கு என்றால் கெட்டர் கிடையாது, மெத்தட்தான். ஒரு ஃபீல்டைத் திருப்பித் தருவது, இரண்டு பெயரை ஒட்டுவது, இந்த அளவுக்குத்தான் கெட்டர்.

சின்னச் சின்ன வலிகளும் உண்டு. செட்டருக்குள், அதாவது மதிப்பைப் போடும்போது ஓடும் கெட்டரின் ஜோடிக்குள், அதே பெயரிலேயே மதிப்பைப் போட்டால் தன்னைத் தானே கூப்பிட்டு ஸ்டாக் நிரம்பும். 2022இல், பெயருக்கு முன்னால் ஹேஷ் போட்ட, கிளாஸுக்குள் மட்டும் தெரியும் பிரைவேட் ஃபீல்டு ஸ்டாண்டர்டுக்குள் வந்தபின் அந்தக் குழப்பம் போனது. ஒரு கிளாஸிலிருந்து கிளைத்த சைல்டு கிளாஸில் செட்டரை மட்டும் மாற்றி எழுதினால் பேரன்ட்டின் கெட்டர் மறைந்து, படிக்கும்போது மதிப்புக்குப் பதில் அன்டிஃபைன்ட் வரும், இரண்டையும் எழுதியாக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும், ஜாவாஸ்கிரிப்டின் மேப் என்ற தொகுப்பில் எத்தனை இருக்கிறது என்று சொல்லும் சைஸுக்குப் பின்னால் இன்றும் அடைப்புக்குறி போட்டு டைப்எரர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவும் கெட்டர்தான்.