நான்கு லென்ஸ்களில் எது தேய்ந்தது? நுண்ணோக்கியோடு ஒன்பது ஆண்டுகள்

என் நுண்ணோக்கியில் நான்கு பொருளருகு லென்ஸ்கள் இருக்கின்றன: 4, 10, 40, 100 மடங்கு. 2016 மே மாதம் வாங்கியபோது நான்கும் ஒரே பளபளப்பில் இருந்தன. இன்று 10-இன் விளிம்பில் முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. 40-இல் பாதி போயிருக்கிறது. எதை நம்பிப் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தேனோ, அந்த 100 மட்டும் புதுமாப்பிள்ளை போல மினுங்குகிறது. லென்ஸைப் பிடித்துத் திருப்பக் கூடாது, மேலே உள்ள வளையத்தைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும் என்பது விதி. அதை எத்தனை முறை மீறினேன் என்பதற்கும் அந்தப் பித்தளையே சாட்சி.

மன்னார்குடியில் கணக்கு வாத்தியார் நான். நுண்ணுயிரியல் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்பில் இருந்த மகளுக்காக வாங்கியது. அவள் இப்போது வணிகவியல் முடித்து வேலைக்குப் போகிறாள், கருவி என் மேசையிலேயே தங்கிவிட்டது. அரியானா மாநிலத்து அம்பாலாவில் செய்தது. நம் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இருப்பவற்றில் பலவும் அந்த ஊர்ச் சரக்குதான். இரு கண்ணாலும் பார்க்கலாம், எல்இடி விளக்கு, ஸ்லைடை நகர்த்தத் திருகுகள், அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு. ஆகவே மொத்த உருப்பெருக்கம் 40, 100, 400, 1000.

கடைக்காரர் 25 மடங்கு கண்ணருகு லென்ஸ் ஒன்றை இலவசமாகக் கொடுத்து, “இதைப் போட்டால் 2500 மடங்கு சார்” என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போட்டேன். மங்கலான ஒன்று இன்னும் பெரிய மங்கலாகத் தெரிந்தது. காரணத்தை 1873-இலேயே ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் அபே சொல்லிவிட்டார். ஒளி ஓர் அலை. அந்த அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவது கடினம். எவ்வளவு நெருங்கலாம் என்பதை லென்ஸின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் இன்னொரு எண் சொல்லும். என்னுடைய 100-இல் அது 1.25. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அதை 1.25-இன் இரு மடங்கால் வகுத்தால் 0.22 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் எத்தனை மடங்கு பெருக்கினாலும் புது விவரம் எதுவும் வராது. லென்ஸில் பொறித்த அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதே பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சி என்பது பழகியவர்களின் கணக்கு. என் கருவிக்கு 1250. விளம்பரத்தில் 2500 என்று போட்டிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். 2020-இல் தெருவில் நாலைந்து பேர் “சார், உங்கள் கருவியில் கொரோனா தெரியுமா?” என்று கேட்டார்கள். அது ஏறத்தாழ 0.1 மைக்ரான். அதற்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும் என்றதும் என் கருவியின் மதிப்பு தெருவில் சட்டென்று இறங்கிவிட்டது.

முதல் இரண்டு ஆண்டுகள் லென்ஸ்கள் மட்டம் என்றே எண்ணியிருந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். மேசையில் கருவியைப் பார்த்ததும் பத்திரிகையை மறந்தார். கண் வைத்தார், உடனே எடுத்தார். “வாத்தியார் சார், கண்டென்சர் அடியில் கிடக்கிறதே, இத்தனை நாளும் இப்படியேவா பார்த்தீர்கள்?” என்று கேட்டபடி பக்கவாட்டுத் திருகைச் சுற்றினார். மேடைக்குக் கீழே இருந்த அந்தத் தடித்த லென்ஸ் ஏறி ஸ்லைடைத் தொடுகிற தூரத்துக்கு வந்து நின்றது. பிறகு ஒரு பக்கத்துக் கண்ணருகு லென்ஸையே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்குழாயில் எட்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளே அடியாழத்தில் வெளிச்ச வட்டம் ஒன்று. ஒளி வரும் துளையைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் நெம்புகோலை அவர் நகர்த்த நகர்த்த அது விரிந்து சுருங்கியது. “வட்டம் குழாயில் முக்கால் பங்கை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.” லென்ஸை மாட்டிவிட்டுப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாகச் செருப்புத் தடம் போலத் தெரிந்துகொண்டிருந்த பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிக்கு ஓரமெல்லாம் மயிரிழைகள் துடித்துக்கொண்டிருந்தன.

ஐரிஸை முழுக்க மூடினால் எல்லாம் கறுப்புக் கோடு போட்டது போலத் தெளிவாகத் தோன்றும். அந்தத் தெளிவு பொய். விளிம்புகள் தடித்து, நுண்விவரம் அழிந்திருக்கும். முழுக்கத் திறந்தால் சாயமேற்றாத உயிரிகள் வெளிச்சத்தில் கரைந்தே போகும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் கைப்பழக்கம். ஒன்பது ஆண்டுகளில் நான் உண்மையில் கற்றுக்கொண்டது அந்த ஒரு நெம்புகோலைத்தான் என்று சொன்னாலும் தவறில்லை.

10-ஆம் எண் ஏன் தேய்ந்தது என்றால், குளத்து நீர் பார்க்க அதுதான் வாகு. என் கண்ணருகு லென்ஸில் 10-க்குத் தெரியும் வட்டம் 1.8 மில்லிமீட்டர் அகலம், 100-க்கு 0.18 மட்டுமே. ஓடுகிற உயிரை அந்தச் சிறு வட்டத்தில் துரத்துவது ஆவதில்லை. எங்கள் ஊர் ஹரித்ரா நதி பெயரில்தான் நதி, உண்மையில் பெரிய தெப்பக்குளம். படித்துறைப் பாசியைக் கொஞ்சம் நீரோடு புட்டியில் எடுத்து வந்து, ஒரு சொட்டு வைத்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். பாசிச் சரத்தில் மணிபோலத் தொங்கும் வார்ட்டிசெல்லா, தொட்டால் தன் காம்பைச் சுருள்கம்பியாக இழுத்துக்கொள்ளும். தலையில் இரண்டு சக்கரம் சுழல்வது போன்ற மாயத்தோடு ரோட்டிஃபர் வரும். கண்டென்சருக்குக் கீழே உள்ள வடிகட்டி வளையத்தில், சட்டைப் பொத்தானை விடச் சற்றுப் பெரிய கறுப்புத் தாள் வட்டம் ஒன்றை நடுவில் வைத்துப் பாருங்கள். நேர் ஒளி தடைபட்டு, சாய்ந்து வரும் ஒளியில் உயிரிகள் மட்டும் இருட்டில் மின்னும். இருட்புல முறை என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். செலவு ஒரு துண்டுத் தாள்.

40-இல் எனக்குப் பிடித்த காட்சி குளத்தில் இல்லை, அடுத்த வீட்டு மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. அந்த வீட்டு அண்ணன் தீவனத்துக்காகத் தார்ப்பாய் விரித்த குழியில், நீரில் மிதக்கும் சிறு செடியான அசோலா வளர்க்கிறார். ஒரு நாள் ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்து, ஒரு சொட்டு நீரில் வைத்து, கவர் ஸ்லிப்பை மேலே போட்டுப் பென்சில் முனையால் மெல்ல நசுக்கினேன். இலைக்குள் உள்ள குழியிலிருந்து நீலப்பச்சை மணிச்சரங்கள் பிதுங்கி வந்தன. அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி. சரத்தில் சில மணிகளுக்கு ஒன்று மட்டும் பெரிதாக, வெளிறி, தடித்த சுவரோடு இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் வேலை அந்த மணிகளில்தான் நடக்கிறது. அதைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால்தான் அந்தத் தடித்த சுவர். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. “அப்படியென்றால் யூரியா போடுவது இந்தப் பயல்தானா சார்?” என்றார். ஏறக்குறைய அப்படித்தான் அண்ணே என்றேன். மறுநாள் மச்சானை அழைத்துக்கொண்டு வந்தார்.

இனி, பளபளப்பு போகாத அந்த 100. இதற்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். ஸ்லைடின் கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைந்து சிதறும்; மிகவும் சாய்ந்து வரும் கதிர்கள் வெளியேறாமல் திரும்பியே போய்விடும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, இமர்ஷன் ஆயிலுக்கும் அதே அளவு. நடுவில் காற்று இல்லாததால் ஒளிக்குக் கண்ணாடி முடிந்த இடமே தெரியாது. ஆசைக்கு விளக்கெண்ணெய் விட்டும் பார்த்திருக்கிறேன். அதன் எண் 1.48, படம் வந்தது, ஆனால் ஓரங்கள் சற்றே சோர்ந்திருந்தன. துடைப்பதற்குள் நானும் சோர்ந்துவிட்டேன். முறையான எண்ணெயையே வாங்குங்கள்.

பாக்டீரியாவைச் சாயமேற்றாமல் பார்த்தால் புதிதாக வருபவர் ஏமாந்துபோவார். நீரில் மிதக்கும் தூசியும் நின்ற இடத்திலேயே நடுங்கும். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் நடுக்கம் அது, உயிர் அல்ல. 1827-இல் ராபர்ட் பிரவுன் கவனித்து எழுதியது. ஒரு மாதம் போலத் தூசியை வளர்ப்புப் பிள்ளையாகப் பாவித்தவன் நான்.

ஆகவே கிராம் சாயமேற்றல், 1884 முதல் இருந்துவரும் முறை. வீட்டுத் தயிரைத் தொட்டு நீரில் கலக்கி, ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, உலரவிட்டு, சுடரில் இரண்டு மூன்று முறை காட்ட வேண்டும். கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹால் சில நொடிகள், கடைசியில் சிவப்பு நிற சாஃப்ரனின். தடித்த செல்சுவர் உள்ளவை ஊதாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மற்றவை ஆல்கஹாலில் விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்கும். வெற்றி தோல்வி அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. முதல் ஸ்லைடில் நிதானமாகக் கழுவியதில் எல்லாமே சிவப்பாயிற்று. பழகிய பிறகு ஊதாக் குச்சிகளும், மணி கோத்தாற்போன்ற சங்கிலிகளும் தெரிந்தன: லாக்டோபேசில்லஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையும். ஒருமுறை நாலு நாள் புளித்த தயிரை எடுத்தேன். சரியாகத்தான் கழுவினேன், ஆனாலும் பாதி குச்சிகள் சிவப்பு. ஏதோ கெட்ட கிருமி புகுந்துவிட்டதென்று அந்தத் தயிரைக் கொட்டவே சொல்லிவிட்டேன். முதிர்ந்த செல்களின் சுவர் நலிந்து ஊதாவைத் தக்கவைக்க முடியாமல் போகும் என்பதைப் பிறகுதான் படித்தேன். பாட நூல்கள் புது வளர்ப்பில்தான் சாயமேற்றச் சொல்வதன் காரணம் அதுவே. துணி துவைக்கும் கல்லில் அந்த ஊதாக் கறை இன்னும் இருக்கிறது. அதைப்பற்றி வீட்டில் என்னிடம் யாரும் பேசுவதில்லை, கல்லைக் காட்டுவதோடு சரி.

எண்ணெயோடு ஒரு விபத்தும் உண்டு. எண்ணெய் விட்ட ஸ்லைடில் 100-ஐப் பார்த்துவிட்டு, அசதியில் 40-க்குத் திருப்பினேன். அதன் முனை எண்ணெயை அப்படியே வழித்துக்கொண்டு வந்தது. 40 எண்ணெய்க்கானது அல்ல. அன்று முதல் எல்லாம் பனிமூட்டத்தில் தெரிந்தது. பனியனால் துடைத்தேன், மோசமாயிற்று. லென்ஸ் தாளைத் துடைப்புத் திரவத்தில் நனைத்து, அழுத்தாமல், தாளை ஒவ்வொரு முறையும் மாற்றி, ஏழெட்டு முறை ஒற்றிய பிறகே தெளிந்தது. துடைத்ததைச் சரிபார்க்க ஒரு வழி: கண்ணருகு லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அது நல்ல பூதக்கண்ணாடி.

அந்தப் பூதக்கண்ணாடியில்தான் மிகப்பெரிய சேதத்தையும் கண்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது. ஓடு பறந்து, மின்சாரம் போய், எங்கள் பகுதியே நிலைகுலைந்தபோது நுண்ணோக்கியை யார் நினைப்பார்கள்? மரப்பெட்டிக்குள், ஈரத்தோடு ஈரமாக ஒன்றரை மாதம் கிடந்தது. திறந்து பார்த்தால் இடது கண்ணில் சாம்பல் படலம். உள்ளிருக்கும் பட்டகத்தில் சிலந்தி இழை போலப் பூஞ்சை கிளைவிட்டிருந்தது. நுண்ணுயிரிகளைப் பார்க்க வாங்கிய கருவியில் அவையே குடியேறிவிட்டன. கல்லூரிகளுக்குப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக் ஒருவர் தலையைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். இழை போயிற்று, இழை அரித்த தடம் கண்ணாடியில் நின்றுவிட்டது. கருவியோடு தரும் மரப்பெட்டி நம் கடலோர மாவட்டங்களுக்கு ஆகாது. இப்போது மூடி இறுகும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது. சமையல் வாணலியில் வறுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு ஒன்று வாங்கினோம். 140 மடங்கு; சுமார் 2 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். குளத்து உயிரிகளுக்குத் தாராளம், தயிர் பாக்டீரியாவுக்குப் போதாது. ஒற்றை லென்ஸை இளப்பமாக நினைக்க வேண்டாம். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் ஒற்றை லென்ஸில்தான் பாக்டீரியாவையே பார்த்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய மிளகை நீரில் ஊறவைத்து, அதில் நெளிந்த சிற்றுயிர்களைப் பற்றி 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நானும் மிளகு ஊறப்போட்டுப் பார்த்தேன். எட்டாம் நாள் மேலே ஆடை கட்டியது. 400 மடங்கில் அந்த ஆடை முழுக்கத் திருவிழாக் கூட்டம். காரத்தின் காரணம் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பழைய கருவி வாங்கப் போகிறவர்கள், ஒவ்வொரு லென்ஸையும் கழற்றித் தலைகீழாக டியூப்லைட் பக்கம் பிடித்துப் பாருங்கள். இழை தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசக் கூட நிற்காதீர்கள். என் இடது கண் பக்கத்தில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. வெளிச்சமான புலத்தில், எட்டு மணி திசையில், ஒரு மயிர்ச்சுருள். விருந்தாளிகள் அதையே கிருமி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.