போர்ஷே 914 முன்மூடிக்கு மாற்று முறுக்குக் கம்பி

1969 முதல் 1976 வரை தயாரான போர்ஷே 914 காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால், முன்மூடியின் அடியில் பெட்ரோல் டேங்கும் சாமான் வைக்கும் இடமும் உள்ளன. அந்த மூடியைத் தாங்கி நிற்பவை கீல்களோடு பிணைந்து, மூடும்போது முறுக்கேறித் திறக்கும்போது தளரும் எஃகுக் கம்பிகள்.

பழைய கம்பி சோர்ந்து மூடி தானாக இறங்கத் தொடங்கியதால், உதிரிபாகக் கடை ஒன்றில் மாற்றுக் கம்பி வாங்கினேன். வளைவுகள் பழையதோடு அச்சாகப் பொருந்தின. முனைகளில் இருந்த பிசிறை மட்டும் அரத்தால் தேய்க்க வேண்டியிருந்தது, கொடுத்த விலைக்கு அது தேவையற்ற வேலை.

உடன் வந்த செய்முறைத் தாள்தான் பெருங்குறை. மூடியை முழுவதும் திறந்து ஒருவர் தாங்கிப் பிடிக்க, முறுக்கு மிகக் குறைவாக உள்ள அந்த நிலையில் கம்பியின் முனையை நீண்ட இரும்புக் குழாயால் நெம்பிக் கீலில் ஏற்ற வேண்டும் என்பதையோ, அது நழுவினால் விரல்களையும் பெயிண்டையும் பதம் பார்த்துவிடும் என்பதையோ அத்தாள் சொல்லவே இல்லை. பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் இன்றி இதில் இறங்கக் கூடாது.

இப்போது மூடி உறுதியாக நிற்கிறது. எடை குறைந்த ஃபைபர் கிளாஸ் மூடி போட்டவர்கள் இதை வாங்க வேண்டாம். இந்த விசை அதை வளைத்துவிடும்.