ஆடி அமாவாசைக்கு முன் ஒன்பது ஊசிகள்

போன தடவை ஊருக்கு, மட்டக்களப்புக்கு, வந்தபோது முதல் ஐந்து நாளையும் தூங்கியே தொலைத்தேன். பகல் முழுவதும் அடித்துப்போட்டது போலக் கிடப்பேன். இரவு ஒரு மணிக்கு முற்றத்தில் உலாவிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு அப்போது 82 வயது. நான் படுத்திருந்த அறை வாசலில் நாற்காலியைப் போட்டு, எப்போது எழும்புவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வார லீவில் ஐந்து நாள் என்பது எவ்வளவு என்று கனடாவில் ஸ்காபரோவுக்குத் திரும்பிய பிறகுதான் நெஞ்சில் உறைத்தது.

இந்தத் தடவை வந்தது அப்பாவுக்காக. அவர் போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. விரதமிருந்து, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் தீர்த்தமாடி, பிதிர்க்கடன் செய்ய வேண்டும். வந்திறங்கி ஐந்தாம் நாள் தீர்த்தம். அன்றைக்கு நான் கண் சொருகிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதே என் ஒரே யோசனையாக இருந்தது.

ரொறன்ரோவிலிருந்து தோஹாவுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு ஐந்து மணி நேரம். பிறகு ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று வான் வண்டியில் ஏழு மணி நேரம். கோடையில் இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மட்டக்களப்பில் காலை பத்து மணி என்றால் என் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அம்மா ஆசையாகப் பிட்டும் எருமைத் தயிரும் எடுத்து வைத்தார். ஒரு வாய் வைத்ததும் குமட்டியது. அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மச்சாள்தான் அக்குபங்சர், அதாவது சீனர்களின் ஊசி மருத்துவம், செய்து பார்க்கலாம் என்றார். முதலில் போன இடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நேரம் மாறியதால் வரும் இந்தத் தூக்கக் குழப்பம், ஜெட் லாக், ஒரே நாளில் பறந்துவிடும் என்றார்கள். ஐந்து தடவைக்கான பணத்தை முன்கூட்டியே கேட்டார்கள். மேசையில் திறந்த தட்டு ஒன்றில் ஊசிகள் கிடந்தன. அதைக் கண்டதும் எழுந்து வந்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், உறை கிழிக்காத ஊசி இல்லையென்றால் அங்கே படுக்கவே கூடாது.

இரண்டாவது இடம் கல்லடியில். ஒரு வீட்டின் முன்பகுதி, இரண்டு கட்டில்கள், சுவரில் ஒரு மின்விசிறி. நடத்துபவர் சித்த மருத்துவம் படித்து, பின்னர் கொழும்பில் அக்குபங்சர் பயின்ற பெண் மருத்துவர். அரை மணி நேரம் கேள்விகள் மட்டுமே கேட்டார். எத்தனை மணிக்கு விழிக்கிறேன், எப்போது பசிக்கிறது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறேனா, முன்பு ஊசி போட்டு மயங்கியதுண்டா. கனடாவில் என் குடும்ப மருத்துவர்கூட இவ்வளவு நேரம் என்னோடு கதைத்ததில்லை.

சீன மருத்துவம் ஒரு நாளை இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் ஓர் உறுப்போடு சேர்க்கிறது. அதிகாலை மூன்று முதல் ஐந்து வரை நுரையீரல், காலை ஏழு முதல் ஒன்பது வரை இரைப்பை, மாலை ஐந்து முதல் ஏழு வரை சிறுநீரகம். போய்ச் சேர்ந்த ஊரின் நேரத்துக்குரிய உறுப்பின் புள்ளியை, அதாவது அதற்கான ஊசி போடும் இடத்தை, தூண்டினால் உடம்பு அந்த ஊருக்குப் பழகும் என்பது அவர்களுடைய கணக்கு. நான் போனது மாலை ஐந்தரைக்கு. ஆகவே பாதத்தில் சிறுநீரகப் புள்ளி ஒன்று. அதோடு மணிக்கட்டின் உட்புறம், முழங்காலுக்குக் கீழ், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே. இந்த நான்கும் இரண்டு பக்கமும். உச்சந்தலையில் ஒன்று. எல்லாம் ஒன்பது ஊசிகள்.

உறையைக் கிழித்து, சின்னக் குழாயோடு ஊசியைத் தோலில் நிறுத்தி, விரல் நுனியால் ஒரு தட்டு. குழாயை எடுத்தால் தலைமுடி போல ஊசி நிற்கிறது. நுளம்புக்கடி அளவுகூட வலிக்கவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே போட்டதை அவர் மெல்லத் திருகியபோது, கால் முழுவதும் ஒரு கனம் பரவியது. ஈரச் சேலையைச் சுற்றியது போல. "கனக்கிறதா அண்ணா? அதுதான் வேண்டும்" என்றார். இருபது நிமிடத்தில் கண் அயர்ந்தேன். விடவில்லை, தட்டி எழுப்பிவிட்டார். இப்போது தூங்கினால் இரவு போய்விடும் என்றார். ஊசிகளைத் திரும்ப எண்ணி எடுத்து மஞ்சள் பெட்டிக்குள் போட்டார். கட்டணம் 2,500 ரூபாய், ரசீதோடு.

ஊசியைவிடவும் நான் நன்றி சொல்ல வேண்டியது அவர் சொன்ன வெளிச்சக் கணக்குக்கு. விடிந்ததும் வெயிலில் நில் என்றே எல்லோரும் சொல்வார்கள். நேர வித்தியாசம் குறைவான ஊரிலிருந்து வருபவருக்கு அது பெரும்பாலும் சரிதான். ஒன்பதரை மணி நேரம் தாண்டி வருபவருக்கு முதல் நாட்களில் காலை வெயில் உடம்புக் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடக்கூடும். "பிற்பகல் இரண்டு மணி வரை கறுப்புக் கண்ணாடி போடுங்கள், மூன்று மணிக்குப் பிறகு நன்றாக வெளியே திரியுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரமாக இந்த நேரங்களை முந்தியதாக்குங்கள்" என்றார். கச்சான் காற்று அனலாக அடிக்கும் நேரத்தில் கல்லடிப் பாலத்தில் நடப்பது எளிதல்ல. நடந்தேன். வாவிக்கு அப்பால் சூரியன் இறங்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். குமட்டல் அன்றிரவே அடங்கியது. இடியப்பமும் சொதியும் இறங்கின. மணிக்கட்டுப் புள்ளி குமட்டலுக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பின்வரும் வாந்திக்கு அக்குபங்சர் பயன்தரும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் குழு 1997 இலேயே சொன்னது. ஜெட் லாக் விடயத்தில் அந்த அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. மூன்றாம் நாள் இரவு ஐந்து மணி நேரமும் நான்காம் நாள் ஆறு மணி நேரமும் தூங்கினேன். அதில் ஊசிக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. நான் மறுபடியும் போவேன், அவ்வளவு மட்டும் உறுதி.

முன்பதிவுக்குத் தொலைபேசியில் இரண்டு நாள் முயன்றோம். கட்டில் இரண்டே என்பதால் வெளிநாட்டிலிருந்து புறப்படும் முன்பே பேசி வைப்பது நல்லது. கழிவறைப் படி உயரம். முதியவர்களுக்குக் கைபிடி இல்லை. இதை மருத்துவரிடமே சொன்னேன், குறித்துக்கொண்டார்.

தீர்த்தத்தன்று யாரும் எழுப்பாமல் நாலரைக்கு விழித்தேன். மாமாங்கக் குளத்தில் மூன்று முறை முங்கி எழுந்து, அப்பாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். அம்மா படிக்கட்டில் துவாயோடு நின்றார். "தலையைத் துடை மனே" என்றார்.

அடுத்த நாள் அவரும் என்னோடு கல்லடிக்கு வந்தார். முழங்கால் நோவுக்காக அவரும் ஒருமுறை போட்டுப் பார்க்கப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். இருவரும் அசைய முடியாது. இருபத்தைந்து நிமிடம், கூரையைப் பார்த்தபடி, அப்பா கலியாணத்துக்கு முன் சைக்கிளில் பழைய கல்லடிப் பாலத்தைக் கடந்து தன்னைப் பார்க்க வந்த கதையை அம்மா முழுவதுமாகச் சொன்னார்.